14 படங்கள், ஒரு தையல் மெஷின்... கவின்கலைக் கல்லூரிக்குத் தயாரான என் தங்கை!

ஒவ்வொரு வருஷமும் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தவுடன் எங்கள் டிஜிட்டல் டெஸ்க் பரபரப்பாகிவிடும். 'அடுத்து என்ன படிக்கலாம்?' என்று வரிசையாகக் கட்டுரைகள் போடுவோம். இன்ஜினீயரிங், மருத்துவம், சட்டம், வேளாண்மை, காமர்ஸ் என எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டுரை உண்டு. ஓவியம் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பட்டியலின் கடைசியில் இரண்டு வரிதான் கிடைக்கும். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஒரு வீட்டில் எவ்வளவு நடக்கிறது என்று கிட்ட இருந்து பார்த்தவள் நான். என் தங்கை அந்த இரண்டு வரிக்காரி.

எங்கள் ஊர் விருத்தாசலம். அப்பா நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறார். அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். நான் டிகிரி முடித்து, ஜர்னலிசம் டிப்ளமோ படித்துவிட்டு சென்னைக்கு வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. தங்கை என்னைவிட எட்டு வயது சின்னவள். ப்ளஸ் ஒன் பரீட்சை முடிந்த கையோடு போன் செய்தாள்.

"அக்கா, நான் மெட்ராஸ்ல ஃபைன் ஆர்ட்ஸ் சேரப்போறேன். அப்பாகிட்ட நீதான் சொல்லணும்."

அவள் சொன்னது சென்னை, பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரியை. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி அது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர்தான் 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாகக் காரணமானவர். காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து தள்ளிய கே.எம். ஆதிமூலம் அங்கே படித்தவர். வண்ண ஓவியம், சிற்பம், காட்சித் தகவல் வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, பீங்கான் வடிவமைப்பு, அச்சு ஓவியம் என்று பல பிரிவுகள் உண்டு. நான்கு வருஷப் படிப்பு.

மார்க் ஷீட்டை மட்டும் நீட்டிச் சேர்ந்துவிட முடியாது. செய்முறைத் தேர்வு உண்டு. உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டும். இதுவரை வரைந்ததை ஒழுங்காக அடுக்கி, கேட்டால் எடுத்துக் காட்டவும் தயாராகப் போக வேண்டும். அந்த அடுக்குக்குப் பெயர்தான் போர்ட்ஃபோலியோ.

"அதெல்லாம் ரெடியா இருக்குக்கா. அம்பது படத்துக்கு மேல இருக்கு" என்றாள்.

கேமரா பார்த்ததா, நீ பார்த்ததா?

ஐம்பது படமும் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தன. பெரும்பாலும் நடிகர், நடிகைகளின் முகம். போனில் போட்டோவைப் பெரிதாக்கி, கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைந்தவை. தாடியில் ஒவ்வொரு முடியும் தெரியும். தெருவில் ஒரு கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்க, மாப்பிள்ளை பொண்ணு படத்தை 500 ரூபாய் கொடுத்து வரைந்து வாங்கிப்போயிருந்தார்கள். மிச்சமெல்லாம் ரெண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னைமரம்.

அவள் பள்ளியின் ஓவிய ஆசிரியர் அந்தக் கட்டை வாங்கி முழுசாகப் பார்த்தார். பிறகு அவர் கேட்டதை, அன்றைக்கு ராத்திரி அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள்.

"இதெல்லாம் கேமரா பார்த்ததும்மா. நீ பார்த்தது எங்கே?"

பத்து நாள் பென்சிலைத் தொடவில்லை. பதினோராம் நாள் அவளே போய், "என்ன சார் பண்ணணும்?" என்று கேட்டிருக்கிறாள்.

சார் விளக்கியதை அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தபோது நானும் கேட்டேன். போட்டோ ஏற்கெனவே தட்டையாகிவிட்ட ஒன்று. ஒரு பொருளைத் தாளுக்குள் கொண்டுவருகிற வேலையில் பாதியைக் கேமரா முடித்துவைத்துவிட்டது. தேர்வு அறையில் போன் இருக்காது. எதிரில் ஒரு குடமோ நாற்காலியோ ஆளோ இருக்கும். அப்போது கண்தான் அளக்க வேண்டும். ஒரு கண்ணை மூடி, கையை முழுசாக நீட்டி, பென்சிலைக் குறுக்கே பிடித்து 'இந்தச் சொம்பின் உயரத்தில் அகலம் எத்தனை பங்கு' என்று பார்ப்பது அதற்குத்தான்.

முதல் மாதம் முழுக்கச் சமையலறைதான் அவள் பள்ளிக்கூடம். சொம்பின் வாய் வட்டம்தான். ஆனால், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அது வட்டமாகத் தெரியாது, நீள்வட்டமாகத் தெரியும். நம் கண்ணுக்குக் கீழே போகப் போக அந்த நீள்வட்டம் அகலமாகிக்கொண்டே வரும். அதனால் சொம்பின் அடி வளைவு, வாய் வளைவைவிட அதிகமாக வளைய வேண்டும். பலரும் அடியை நேர்கோடாகப் போட்டுவிடுவார்கள், சொம்பு மேசையில் உட்காராமல் மிதக்கும். இதைக் கேட்ட பிறகு எனக்கே எந்த ஹோட்டலிலும் தண்ணீர் டம்ளரை சும்மா பார்க்க முடியவில்லை.

அடுத்து, கண்ணாடியைப் பார்த்துத் தன் முகம். கண்கள் தலையின் உயரத்தில் ஏறக்குறைய பாதியில் இருக்கும். நாமோ நெற்றியைச் சின்னதாக்கிக் கண்ணை மேலே ஏற்றி வைத்துவிடுவோம். அவள் வரைந்த முதல் ஏழு முகங்களில் எதுவுமே அவள் மாதிரி இல்லை. எட்டாவதைப் பார்த்த அம்மா, "கோவமா இருக்கிறப்ப இப்படித்தான் இருப்பே" என்றார்.

அம்மாவின் மெஷின்

ப்ளஸ் டூ வருஷத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்காத பொருள் நேரம். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் டியூஷன். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் வேறு. விடிகாலை ஐந்தரை முதல் ஆறரை வரைதான் அவளுக்கு என்று இருந்தது. அந்த நேரத்தில் வீட்டில் விழித்திருக்கும் ஒரே ஆள் அம்மா. அதனால் அம்மாவைத்தான் வரைந்தாள்.

ஆனால், அம்மா ஆடாமல் உட்காருகிற ஆளா? தீபாவளி ஆர்டர் குவிந்துகிடந்த நேரம். கால் மெஷினில் மிதிப்பார், எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பார், நூல் மாற்றுவார், ஊக்கு தைப்பார். 'கொஞ்ச நேரம் அப்படியே இரும்மா' என்றால், 'ரெண்டு நிமிஷம்தான்' என்பார். அதனாலேயே இரண்டு நிமிஷத்தில் வரையப் பழகினாள். முதலில் முதுகின் வளைவு ஒரே கோடு. அப்புறம் தலை சாய்ந்திருக்கும் பக்கம். கை எங்கே ஊன்றியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு நோட்டில் ஒரே மாதத்தில் நூற்றுக்கும் மேல் அம்மாக்கள்.

மெஷினின் அடிப்பகுதி அவளை ரொம்ப நாள் படுத்தியது. பூவேலை மாதிரி வளைந்து போகும் அந்த இரும்புக் கம்பிகளை எப்படிப் போட்டாலும் கோணலானது. "கம்பியை வரையாதே, கம்பிக்கு நடுவுல இருக்கிற ஓட்டையை வரை" என்று சார் சொன்னார். ஒவ்வொரு வெற்றிடத்தையும் தனி உருவமாக நினைத்து வரைந்தபோது கம்பி தானாக வந்து நின்றது.

ஒருநாள், கட்டிங் டேபிளில் சாக்பீஸ் கோட்டோடு விரித்துக் கிடந்த பிளவுஸ் துணியை வரைந்திருந்தாள். நிழலெல்லாம் பிரமாதம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"ஆர்ம்ஹோல் தப்பு."

"எங்கம்மா?"

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போட்டிருக்கே. முன்பக்கம் கொஞ்சம் உள்ள குடைஞ்சு வரணும். பின்பக்கம் அவ்வளவு குடையக் கூடாது. இப்படித் தெச்சா போட்டவங்களுக்குக் கை தூக்க வராது."

தங்கை துணியைத் திரும்பப் பார்த்தாள். அம்மா சொன்னதுதான் சரி. இருபது வருஷமாகத் தினமும் சாக்பீஸால் வளைவுகள் போடும் ஒருவர் வீட்டிலேயே இருக்கிறார். அதை நாங்கள் யாரும் வரைதல் என்று சொன்னதில்லை, தையல் என்றுதான் சொல்லிவந்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு படமும் முதலில் அம்மாவிடம் போனது. "இது நிக்குது", "இது விழுது" என்று இரண்டே வார்த்தையில் அம்மா தீர்ப்பு சொல்லிவிடுவார்.

அப்பா கேட்ட சம்பளக் கணக்கு

அப்பா எதிர்த்துச் சத்தம் போடவில்லை. அவர் கணக்கு எழுதுகிறவர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்க டிராயிங் சாருக்கு என்ன சம்பளம்னு கேட்டியா?"

வீடு அமைதியாகிவிட்டது. சார் பகுதிநேர ஆசிரியர். 2012-ல் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களில் ஒருவர். நியமிக்கப்பட்டபோது வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. தங்கை அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஆனால், எப்படியோ சாருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டுக்கு வந்தார்.

"நான் சேர்ந்தப்ப மாசம் ஐயாயிரம் சார். அப்புறம் ஏத்திக் கொடுத்தாங்க. இப்பவும் சாயங்காலம் கிளாஸ் எடுத்துத்தான் குடும்பம் ஓடுது. இதை மறைச்சு உங்க பொண்ணை அனுப்பச் சொல்ல மாட்டேன்" என்றார். அப்பா எதிர்பார்க்காதது அது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா, நான் படிச்சது லோயர், ஹையர் எக்ஸாம். அப்புறம் டிடிசி. அதை வெச்சு வாத்தியார் வேலை ஒண்ணுதான் பார்க்க முடியும். டிகிரி அப்படியில்ல. துணி டிசைன், விளம்பரம், அனிமேஷன், சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட்டுன்னு நாலு கதவு இருக்கு. எது திறக்கும்னு என்னால சொல்ல முடியாது. நாலு இருக்குன்னு மட்டும் சொல்வேன்."

அப்பா அன்று பதில் சொல்லவில்லை. ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "நீ பத்திரிகைக்காரிதானே, இந்தப் படிப்பு படிச்சவங்க இப்ப என்ன பண்றாங்கன்னு விசாரிச்சு சொல்லு" என்றார். அலுவலகத்தில் எனக்கு அதுதான் வேலை. கவின்கலை படித்த பதினோரு பேரிடம் பேசினேன். ஒருவர் கரூரில் ஏற்றுமதி நிறுவனத்தில் துணி டிசைனர். இரண்டு பேர் சினிமா கலை இயக்கத்தில் உதவியாளர்கள். ஒருவர் கேம் கம்பெனியில். மூன்று பேர் தனியார் பள்ளியில் ஆசிரியர்கள். ஒருவர் ஓவியராக மட்டும் இருக்கிறார், கஷ்டம்தான் என்றார். இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அத்தனையும் அப்படியே ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். நல்ல செய்தியை மட்டும் பொறுக்கி அனுப்பியிருந்தால் அப்பா கண்டுபிடித்திருப்பார்.

தாளைப் படித்துவிட்டு அப்பா ஒரு நிபந்தனை போட்டார். இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கும் அப்ளிகேஷன் போட வேண்டும். ஃபைன் ஆர்ட்ஸ் கிடைக்காவிட்டால் மறுபேச்சு இல்லாமல் அங்கே சேர வேண்டும். தங்கை தலையாட்டினாள். ஐம்பது படம் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்ன பெண்ணுக்கு, அதற்குப் பிறகு ஒவ்வொரு படமும் பயமாகிவிட்டது.

எதை வைப்பது, எதை எடுப்பது?

பொதுத்தேர்வு முடிந்த பிறகு தொகுக்கும் வேலை. இதில் என் தொழில் கொஞ்சம் உதவியது. நாற்பது போட்டோ வந்தால் அதில் ஒன்றை எடுத்துக் கட்டுரையில் வைப்பதுதான் எங்கள் தினசரி வேலை. அழகான இரண்டு போட்டோ ஒரே விஷயத்தைச் சொன்னால் ஒன்று போய்விடும். அதே கணக்கைத்தான் இங்கேயும் வைத்தோம்.

தரையில் பாய் விரித்து எல்லாப் படங்களையும் பரப்பினோம். சார், அம்மா, நான், தங்கை நான்கு பேரும் சுற்றி நின்றோம். கடைசியில் 14 படங்கள் தேறின. மெஷினும் அம்மாவும், பென்சிலில். அம்மாவின் கைகள், ஒரே தாளில் ஆறு விதமாக. கண்ணாடி பார்த்து வரைந்த முகம். சொம்பு, வெங்காயம், மடித்த துணி, கரித்துண்டில். விருத்தாசலம் ஜங்ஷன் பிளாட்பாரம், தூரத்தில் தண்டவாளங்கள் ஒன்றுசேரும் புள்ளியோடு. அப்பாவின் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களின் வேகக் கோடுகள். தண்ணீர் இல்லாத மணிமுத்தாறு, வாட்டர் கலரில். பழமலைநாதர் கோயில் தூண் ஒன்று. பிளவுஸ் வெட்டிய மிச்சத் துணிகளின் வடிவங்களை வைத்து போஸ்டர் கலரில் ஒரு டிசைன். மனசில் இருந்து வரைந்த ரேஷன் கடை வரிசை. இப்படி.

நடிகர் படங்களில் ஒன்றே ஒன்றை வைக்கச் சொன்னார் சார். "பொறுமையா ஃபினிஷ் பண்ணத் தெரியும்னு காட்ட ஒண்ணு போதும்" என்றார். மலையும் சூரியனும் வீட்டிலேயே தங்கிவிட்டன.

மிகச் சிறந்ததை முதலில், அதற்கு அடுத்ததைக் கடைசியில் வைத்தோம். சுமாரானதை எங்கே வைப்பது என்று தங்கை கேட்டாள். "சுமாரானதை வைக்காதே, பதினைஞ்சுக்குப் பதிலா பதினாலாவே இருக்கட்டும்" என்றார் சார். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் தேதி, எதில் வரைந்தது, பார்த்து வரைந்ததா நினைவிலிருந்து வரைந்ததா என்று எழுதினாள். கரித்துண்டு ஓவியம் கை பட்டால் அழியும். அதற்கென்று ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே உண்டு. மொட்டைமாடியில் வைத்து அடித்தோம். எல்லாவற்றையும் போனில் படமும் எடுத்தோம். ஃபிளாஷ் போடாமல், காலை எட்டு மணிக்குத் திண்ணை நிழலில், போனைத் தாளுக்கு நேராகப் பிடித்து. வெயிலில் வைத்தால் தாள் வெளுத்துப்போகும், கோணலாகப் பிடித்தால் சொம்பு சாயும்.

கூடவே அந்த 'நூறு அம்மா' நோட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டாள். அதில் பாதி கிறுக்கல். ஆனால், ஒரு பெண் ஒரு வருஷம் தினமும் பார்த்திருக்கிறாள் என்பதற்கு அந்த நோட்டைவிட வேறு சாட்சி கிடையாது. காகிதம், பென்சில், கலர், பலகை, ஃபைல் எல்லாம் சேர்த்து அந்த வருஷச் செலவு சுமார் 3,000 ரூபாய். அப்பா கணக்கு வைத்திருந்தார்.

எழும்பூரில் ஒரு நாள்

தேர்வுக்கு அப்பாதான் கூட வந்தார். வரைபலகையை ட்ரெயினில் யார் கையிலும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகத் தங்கை சொன்னாள். அவள் உள்ளே போனதும் வெளியே காத்திருந்த மற்ற அப்பாக்களுடன் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். "எல்லாரும் நம்மள மாதிரிதான் இருக்காங்க" என்று என்னிடம் ஆச்சர்யமாகச் சொன்னார். ஓவியம் படிக்க வருகிறவர்கள் வேறு மாதிரி வீட்டிலிருந்து வருவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தார் போல.

ஊருக்கு ட்ரெயின் ராத்திரிதான். லீவு போட்டுவிட்டு வந்து இரண்டு பேரையும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். வெண்கலச் சிலைகள் இருக்கும் பகுதியில் திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் அப்பா ரொம்ப நேரம் நின்றார். பெயர்ப்பலகையைக் குனிந்து படித்துவிட்டு, "செஞ்சவர் பேர் எங்கேயும் போடலியே?" என்று கேட்டார்.

"அந்தக் காலத்துல சிற்பிங்க பேர் போட்டுக்க மாட்டாங்கப்பா. யார் செஞ்சதுன்னு தெரியாது."

கொஞ்ச நேரம் கழித்து, தங்கையைப் பார்க்காமலேயே சொன்னார். "நீ வரையறதுக்குக் கீழ பேர் போட்டியா? போடணும்."

அவர் சம்மதம் சொன்னது அந்த இடத்தில்தான் என்று நாங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டோம்.

தங்கைக்கு இடம் கிடைத்தது. முதல் விருப்பமாகக் கேட்டிருந்த வண்ண ஓவியத்தில் இல்லை, துணி வடிவமைப்பில். ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அம்மாவுக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. "துணியைப் பத்தி எது தெரியலைன்னாலும் எனக்கு போன் பண்ணு" என்றார். இப்போது வாரத்துக்கு நான்கு முறையாவது அந்த போன் வருகிறது.

இந்த வருஷம் உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். சென்னை மட்டுமல்ல, கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. கோயில் கட்டடக்கலை, சிற்பத்தில் ஆர்வம் என்றால் மாமல்லபுரத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. தகுதி, தேதி, தேர்வு முறையை அந்தந்த வருஷ அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். தயாரிப்பை மட்டும் அறிவிப்பு வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். அதற்கு ஒரு வருஷம் வேண்டும்.

விலை உயர்ந்த கலர் பாக்ஸைவிட அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது தினமும் ஒரு மணி நேரமும், யாரும் கலைக்காத ஒரு மேசை மூலையும்தான். அப்புறம், பொறுமையாக எதிரில் இருக்கிற ஒரு ஆள். 'ஆடாம கொஞ்ச நேரம் உட்காரும்மா' என்று கேட்டால், அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருங்கள். இரண்டு நிமிஷம் போதும்.